வெள்ளை ஒயினுக்குரிய திராட்சை ரகங்கள்

உண்பதற்கு இனிக்கும் திராட்சையே சிறந்த ஒயினையும் தரும் என்று பலர் எண்ணுகின்றனர். அனுபவம் இதற்கு மாறானது. கடைகளில் பெருவாரியாக விற்கப்படும் விதையற்ற தாம்சன் ரகத்தின் சாறு நன்கு இனிக்கும். ஆயினும் அதை நொதிக்கவைத்தால் கிடைக்கும் பானத்தில் மணமும் குறைவு, உறைப்பும் குறைவு. ஜெர்மனியின் ரீஸ்லிங் ரகமோ சிறிய கொத்துக்களில், சிறிய உருண்டைப் பழங்களாக, விதையோடும் புளிப்போடும் காய்ப்பது. சந்தையில் அதை ஒருவரும் விரும்பி வாங்கார். ஆனால் உலகில் வெள்ளை ஒயினைச் சுவைத்துத் தரம் பிரிப்போர் முதல் வரிசையில் வைக்கும் ரகங்களுள் அது ஒன்று.

இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொள்வது திராட்சை விவசாயத்தோடு தொடர்புடையோர் அனைவருக்கும் பயன்படும். திராட்சைக்கொடி ஒரு முறை நடப்பட்டால் பல ஆண்டுகள் நிலத்தில் நிற்பது. ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழையை அடுத்த பருவத்திலேயே திருத்திக்கொள்ள இயலாது. ஒயினுக்கென வளர்க்கப்படும் பழத்தை வாங்குவோர் ஆலைக்காரரே. அவர் மறுத்தால் பழக்கடையில் அது விலைபோகாது. எனவே ஒரு ரகத்தின் புகழை மட்டும் கேட்டு அதனை நடுவது அறிவுடைமையன்று. அந்த ரகத்தின் இயல்பு யாது, அது எந்தத் தட்பவெப்பத்தில் தன் குணத்தைக் காத்துக்கொள்ளும் என்பனவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும்.

வெண்மையின் காரணம்

வெள்ளை ஒயின் என்பது உண்மையில் வெளிர் மஞ்சள் அல்லது இளம் பொன்னிறமுடையது. பெரும்பாலான திராட்சை ரகங்களில், தோல் கறுப்பாயினும் பச்சையாயினும், உள்ளிருக்கும் சதையும் சாறும் நிறமற்றவை. செந்நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி தோலிலேயே தங்கியுள்ளது. சிவப்பு ஒயின் தயாரிக்கும்போது தோலையும் சாற்றையும் சேர்த்தே நொதிக்கவிடுவர்; நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்கும். வெள்ளை ஒயினுக்கோ பழத்தை முதலில் பிழிந்து, தோலையும் விதையையும் நீக்கி, தெளிந்த சாற்றை மட்டும் நொதிக்கவிடுவர். பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் பினோ நுவார் என்னும் கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெண்ணிற ஒயின் தயாரிக்கப்படுவது இம்முறையினாலேயாகும்.

வெள்ளைத் திராட்சை எவ்வாறு தோன்றியது என்பதையும் விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர். ஆந்தோசயனினை உண்டாக்கும்படி தூண்டுகின்ற ஒரு மரபணுவில், இடம் பெயரும் இயல்புடைய ஒரு துண்டு நுழைந்து அதனைச் செயலறச் செய்துவிட்டது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் வெளியிட்டனர். அதன் அருகே உள்ள மற்றொரு மரபணுவும் பழுதுற்றிருப்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் காட்டினர். பல்வேறு நாடுகளில் வளரும் வெள்ளை ரகங்களில் மிகப் பலவற்றில் இதே மாற்றமே காணப்படுகிறது. ஆகவே அவை தொன்மையான ஒரே மூலத்திலிருந்து இப்பண்பைப் பெற்றவை எனக் கருதப்படுகிறது.

தோல் நீக்கப்படுவதால் வெள்ளை ஒயினுக்குத் தோலின் துவர்ப்பு துணை நிற்பதில்லை. சிவப்பு ஒயினில் ஒரு குறையைத் துவர்ப்பும் நிறமும் ஓரளவு மறைக்கலாம். வெள்ளை ஒயினில் அவ்வாறு மறைக்க ஏதுமில்லை. சர்க்கரை, புளிப்பு, மணம் ஆகிய மூன்றும் சாற்றில் எந்த அளவில் இருந்தனவோ அதுவே பானத்தின் தரத்தைத் தீர்மானிக்கும்.

சர்க்கரையும் புளிப்பும்

திராட்சையின் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். ஆகவே 12 சதவீத ஆல்கஹாலுள்ள ஒயினுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 204 கிராம் சர்க்கரையுள்ள சாறு தேவை. சாற்றின் இனிப்பைப் பிரிக்ஸ் என்னும் அளவால் குறிப்பர். வெள்ளை ஒயினுக்குப் பழம் பெரும்பாலும் 19 முதல் 23 பிரிக்ஸ் வரையுள்ள நிலையில் அறுவடை செய்யப்படுகிறது. நுரைக்கும் ஒயினுக்கு இதனினும் முன்னதாகவே, புளிப்பு மிகுந்திருக்கும்போதே, பறித்துவிடுவர்.

திராட்சையின் புளிப்பு முக்கியமாக இரண்டு அமிலங்களால் ஆனது. ஒன்று டார்டாரிக் அமிலம். நம் சமையலுக்குரிய புளியின் புளிப்பும் இதுவே. மற்றொன்று மாலிக் அமிலம். இது ஆப்பிளில் மிகுதியாக உள்ளது. இவ்விரண்டின் நடத்தையும் ஒன்றல்ல. பழம் முதிரும் காலத்தில் டார்டாரிக் அமிலம் பெரும்பாலும் நிலைத்து நிற்கும். மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்திற்குச் செலவிடும். வெப்பம் மிகுந்தால் அச்செலவும் மிகும். குளிர்ந்த இரவுகளையுடைய இடங்களில் பழத்தில் புளிப்பு தங்குவதற்கும், வெப்பப் பிரதேசங்களில் இனிப்பு ஏறும் வேகத்திலேயே புளிப்பு இறங்கிவிடுவதற்கும் இதுவே காரணம்.

புளிப்பு நாவின் சுவைக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. ஒயின் கெடாமல் இருக்கக் கந்தக டை ஆக்ஸைடு சிறிதளவு சேர்க்கப்படுவது வழக்கம். அதன் ஒரு பகுதியே கிருமிகளை அடக்கும் வடிவில் இருக்கும். சாற்றின் அமில நிலையைக் குறிக்கும் பி.எச். அளவு 3.0 ஆக இருக்கும்போது, கட்டுறாத கந்தக டை ஆக்ஸைடில் ஏறத்தாழ 6 சதவீதம் அவ்வடிவில் இருக்கும். பி.எச். 3.5 ஆனால் அது 2 சதவீதமாகவும், 4.0 ஆனால் 1 சதவீதத்திற்கும் கீழாகவும் குறைந்துவிடும். எனவே புளிப்புக் குறைந்த சாற்றுக்கு மருந்து மிகுதியாகச் சேர்க்கவேண்டி வருகிறது. சேர்த்தும் பயன் குறைவு. பி.எச். எண் ஏற ஏறப் புளிப்பின் வன்மை குறைகிறது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சில ஒயின்களில் முதல் நொதித்தலுக்குப் பின் ஒருவகைப் பாக்டீரியா, மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும். லாக்டிக் அமிலம் தயிரில் உள்ளது. அதன் புளிப்பு மென்மையானது. இம்மாற்றத்தின்போது வெண்ணெயை ஒத்த மணமும் சில சமயம் தோன்றும். புளிப்பு மிகுந்த குளிர்நாட்டு ஒயினுக்கு இது நன்மை செய்யும். புளிப்பு ஏற்கெனவே குறைந்துள்ள வெப்பநாட்டு ஒயினில் இது நேராமல் தடுப்பதே பெரும்பாலும் பொருத்தமாகும்.

மணம் எங்கிருந்து வருகிறது

மணத்தைப் பொறுத்தவரை வெள்ளை ரகங்களை மூன்று பிரிவாகக் கொள்ளலாம். பழத்தைக் கடித்தவுடனேயே மணம் வீசுபவை முதல் பிரிவு. மஸ்கட் குடும்பம் இதற்கு எடுத்துக்காட்டு. ஜெரானியால், லினலூல் முதலிய டெர்பீன் பொருள்கள் இம்மணத்துக்குக் காரணம். ரோஜாவின் மணத்திலும் ஜெரானியாலுக்குப் பங்குண்டு. தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ரகமாகும். தோல் கறுப்பாயினும், அலெக்சாந்திரியா மஸ்கட் என்னும் வெள்ளை ரகம் அதன் பெற்றோருள் ஒன்று. பன்னீர்த் திராட்சையை முகர்ந்தவர்கள் மஸ்கட் ஒயினின் மணத்தை ஒருவாறு ஊகித்தறியலாம்.

பழத்தில் மணம் மறைந்து நின்று, நொதிக்கும்போது வெளிப்படுபவை இரண்டாம் பிரிவு. சோவிஞோன் பிளாங் இவ்வகையைச் சேர்ந்தது. இதன் சாற்றில் கந்தகம் அடங்கிய மணப்பொருள்கள் மணமற்ற கூட்டுப்பொருள்களாகக் கட்டுண்டு கிடக்கின்றன. ஈஸ்ட் அக்கட்டை அவிழ்க்கும்போது எலுமிச்சை, கொய்யா போன்ற பழங்களின் மணம் எழுகிறது. பிரான்சின் போர்தோ நகரில் தெனி துபூர்தியே, தகதோஷி தொமினாகா ஆகிய அறிஞர்கள் 1990-களில் செய்த ஆய்வுகள் இதனை விளக்கின.

இயல்பாகவே மணம் அடங்கிய ரகங்கள் மூன்றாம் பிரிவு. ஷார்டனே இதற்குச் சான்று. இவற்றின் குணத்தை நிலமும், நொதித்தல் முறையும், ஓக் மரப்பீப்பாயில் வைக்கும் காலமும் பெரிதும் உருவாக்குகின்றன.

இம்மணப்பொருள்களுள் பல எளிதில் ஆவியாகி மறையக்கூடியவை. நொதித்தல் வெப்பத்தை வெளியிடும் செயல். சாறு சூடேறினால் மணம் வாயுவோடு வெளியேறிவிடும். ஆகையால் வெள்ளை ஒயினை 12 முதல் 18 பாகை சென்டிகிரேடில் மெல்ல நொதிக்கவிடுவர். குளிர்விக்கும் எஃகுத் தொட்டிகள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பின்னரே வெப்ப நாடுகளில் மணமுள்ள வெள்ளை ஒயின் பரவலாகத் தயாரிக்கப்படலாயிற்று.

புகழ்பெற்ற ரகங்கள்

ரீஸ்லிங்: ஜெர்மனியின் ரைன், மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குரியது. ரூசல்ஸ்ஹைம் என்னும் ஊரில் 1435-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு கணக்கில் இக்கொடி வாங்கிய செய்தி காணப்படுகிறது. இது காலந்தாழ்ந்து துளிர்ப்பதால் வசந்தகாலப் பனிக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். காலந்தாழ்ந்தே முதிர்வதால், வெயிலைத் தாங்கி நிற்கும் தெற்கு நோக்கிய சரிவுகள் இதற்குத் தேவை. மோசல் பகுதியில் செங்குத்தான சரிவுகளில் உள்ள கரிய பலகைக்கற்கள் பகலில் வெப்பத்தை ஏற்று இரவில் வெளிவிடுகின்றன. மிகுந்த புளிப்பைக் கடைசிவரை காத்துக்கொள்வது இந்த ரகத்தின் தனிச்சிறப்பு. ஆகையால் சிறிது இனிப்பு எஞ்சியுள்ள ஒயினும் திகட்டுவதில்லை. பல ஆண்டுகள் கெடாமலும் நிற்கிறது. முதிர்ந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெயை ஒத்த ஒரு மணம் தோன்றுவதுண்டு. அதற்குரிய பொருள், வெயில் மிகுதியாகப் பட்ட பழத்தில் கூடுதலாக உண்டாகிறது.

யோஹான்னிஸ்பெர்க் மாளிகைத் தோட்டத்தைப் பற்றி ஒரு செய்தி வழங்கி வருகிறது. அறுவடைக்கு அனுமதி கொணரவேண்டிய தூதன் 1775-இல் பல நாள் தாமதித்து வந்தான். அதற்குள் பழங்களின்மேல் பூசணம் பற்றிவிட்டது. வேறு வழியின்றி அப்பழத்தையே பிழிந்தனர். கிடைத்த ஒயின் அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. கதையின் விவரங்கள் எவ்வாறாயினும், அதில் அடங்கிய விஞ்ஞானம் உண்மையானது. போட்ரைடிஸ் என்னும் பூசணம் முதிர்ந்த பழத்தின் தோலைத் துளைக்கிறது. காலையில் மூடுபனியும் பிற்பகலில் வெயிலும் உள்ள இடங்களில் பழத்தின் நீர் வற்றி, சர்க்கரையும் புளிப்பும் செறிவடைகின்றன. பிரான்சின் சோதெர்ன் பகுதியில் செமியோன் ரகமும், ஹங்கேரியின் டோக்காய் பகுதியில் ஃபுர்மின்ட் ரகமும் இவ்வாறே இனிப்பு ஒயினாகின்றன. ஈரம் இடைவிடாது நீடிக்கும் இடத்தில் இதே பூசணம் விளைச்சலை அழுகச் செய்துவிடும்.

ஷார்டனே: பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலிருந்து உலகெங்கும் பரவியது. ஷப்லி வட்டாரத்துச் சுண்ணாம்பு நிலங்களில் இது கூர்மையான புளிப்புடைய ஒயினைத் தருகிறது. வெயில் மிகுந்த கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கனிந்து, பருமனான ஒயினைத் தருகிறது. 1976-இல் பாரிஸ் நகரில் ஒயின்களின் பெயரை மறைத்து நடத்தப்பட்ட சுவைச் சோதனையில், பிரெஞ்சு நடுவர்கள் கலிபோர்னியாவின் ஷார்டனே ஒன்றுக்கு முதலிடம் அளித்தனர். நல்ல ஒயின் ஒரே நாட்டுக்கு உரியது என்னும் எண்ணம் அதனால் தளர்ந்தது. எனினும் ஷார்டனே விரைவில் துளிர்ப்பது. பின்பனிக்கு எளிதில் இரையாவது. ஷப்லி விவசாயிகள் வசந்தகால இரவுகளில் கொடிகளிடையே தீ மூட்டியும் நீர் தெளித்தும் தளிர்களைக் காத்து வருகின்றனர்.

இதன் பிறப்பு பற்றிய செய்தி ஆசிரியர்களுக்குச் சுவையாக இருக்கும். பினோ என்னும் உயர்ந்த ரகத்துக்கும், குவே பிளாங் என்னும் மதிப்பற்ற ரகத்துக்கும் பிறந்ததே ஷார்டனே என்பதை மரபணுச் சோதனையால் 1999-இல் நிறுவினர். குவே பிளாங் சாதாரணக் குடியானவர்கள் வளர்த்த, தரத்தில் தாழ்ந்ததென ஒதுக்கப்பட்ட கொடி. அதே இரு பெற்றோருக்குக் காமே, அலிகோத்தே முதலிய வேறு ரகங்களும் பிறந்துள்ளன. ரீஸ்லிங்கின் பெற்றோருள் ஒன்றும் குவே பிளாங்கே. ஒதுக்கப்பட்ட ரகங்களையும் தொகுப்புத் தோட்டங்களில் காத்துவைப்பது ஏன் என்ற கேள்விக்கு இதனினும் தெளிவான விடை வேறில்லை.

சோவிஞோன் பிளாங்: பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கிலும் போர்தோ பகுதியிலும் பழங்காலந்தொட்டு வளர்வது. சிவப்பு ஒயினுக்குப் பெயர்பெற்ற கேபர்நே சோவிஞோன், இதற்கும் கேபர்நே ஃபிராங்க்குக்கும் பிறந்ததென 1997-இல் தெரியவந்தது. நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதியில் 1970-களில் நடப்பட்டபின் இந்த ரகம் புதிய புகழ் பெற்றது. குடைமிளகாயின் பச்சை மணத்தை ஒத்த மணம் இதன் அடையாளம். அம்மணத்தைத் தரும் பொருள் இளம் காயில் மிகுந்திருந்து, பழம் முதிரவும் கொத்தின்மேல் வெயில் படவும் குறைகிறது. எனவே இலை நீக்குவதில் அளவறிந்து செயல்படுதல் வேண்டும். முற்றிலும் நிழலில் இருந்தால் பச்சை வாடை மேலோங்கும். முற்றிலும் வெயிலில் இருந்தால் ரகத்தின் அடையாளமே மறையும்.

ஷெனின் பிளாங்: லுவார் பள்ளத்தாக்கின் வூவ்ரே, ஆஞ்சூ வட்டாரங்கள் இதன் தாயகம். உலகில் இது மிகுதியாகப் பயிராவது தென் ஆப்பிரிக்காவில். அங்கு நெடுங்காலம் ஸ்டீன் என்ற பெயரால் வழங்கிவந்த கொடி ஷெனினே என்பது 1960-களில் உறுதியாயிற்று. வெப்பமான இடத்திலும் போதிய புளிப்பை விடாமல் வைத்திருப்பதும், உலர்ந்த ஒயின், இனிப்பு ஒயின், நுரைக்கும் ஒயின் ஆகிய மூன்றுக்கும் பயன்படுவதும் இதன் சிறப்பு. மணம் பெரிதன்று, ஆனால் நம்பத்தக்கது. நெருக்கமான கொத்துடையதாதலின், அறுவடைக்கால மழை இதற்குப் பகை.

வேர்ப்பேன் கற்பித்த பாடம்

இந்த ரகங்கள் யாவும் விதையால் பெருக்கப்படுவதில்லை. விதை நட்டால் தாயின் குணம் வாராது. தண்டுத் துண்டுகளாலேயே இவை பல நூற்றாண்டுகளாகப் பெருக்கப்பட்டு வந்துள்ளன. ஒரே உடலின் கிளைகளான அவற்றுக்கு ஒரே பலவீனமும் இருந்தது. வட அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்செரா என்னும் வேர்ப்பேன், 1860-களில் பிரான்சில் தோன்றிக் கொடிகளை அழிக்கத் தொடங்கியது. மோன்பெலியே நகரத்துப் பேராசிரியர் பிளாஞ்சோனும் அவருடைய துணைவர்களும் 1868-இல் அப்பூச்சியை வேர்களில் கண்டறிந்தனர். மருந்துகள் பலனளிக்கவில்லை. அப்பூச்சியுடன் நெடுங்காலம் வாழ்ந்து பழகிய அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஐரோப்பிய ரகங்களை ஒட்டுக் கட்டிய பிறகே தோட்டங்கள் மீண்டன. அன்றுமுதல் வேர் ஒரு ரகம், கொடி மற்றொரு ரகம் என்னும் முறை உலகில் நிலைத்தது. இந்தியாவில் டாக் ரிட்ஜ், 110 ரிக்டர் முதலிய வேர்ச்செடிகள் வறட்சியையும் உவர் நீரையும் தாங்குவதற்காகப் பயன்படுகின்றன.

இந்தியத் தோட்டங்களில்

உலகின் பெரும்பாலான ஒயின் தோட்டங்கள் 30 முதல் 50 பாகை அட்சரேகைகளுக்கு இடையே உள்ளன. அங்கே குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். மகாராஷ்டிரத்தின் நாசிக், ஏறத்தாழ 20 பாகை வட அட்சரேகையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே கொடி தானாக உறங்குவதில்லை. ஆதலால் ஆண்டுக்கு இரு முறை கவாத்து செய்யவேண்டியுள்ளது. ஏப்ரலில் செய்யும் முதற் கவாத்து புதிய கிளைகளை வளர்த்து அவற்றில் பூமொட்டுகளை உருவாக்குவதற்காக. மழைக்காலத்தின் இறுதியில், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யும் இரண்டாம் கவாத்து காய்ப்பிற்காக. பழம் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாகிறது. மழையில் பழம் அகப்படாதபடி பருவத்தையே மாற்றியமைக்கும் உத்தி இது.

இம்முறையால் நாசிக்கின் குளிர்கால இரவுகளில் பழம் வளர்கிறது. அதனால் புளிப்பு ஓரளவு காக்கப்படுகிறது. ஆனால் பிப்ரவரி பிற்பகுதியில் பகல் வெப்பம் ஏறும்போது மாலிக் அமிலம் விரைந்து செலவாகும். மண்ணில் பொட்டாசியம் மிகுந்திருந்தால், அது பழத்தில் ஏறி டார்டாரிக் அமிலத்தோடு கூடிப் பி.எச். அளவை உயர்த்தும். இதனால் சில நாள் தாமதமும் பெரும் இழப்பாகலாம். ஆலைகள் பல விடியற்காலையிலேயே பழத்தைப் பறித்துக் குளிர் அறைக்குக் கொண்டு செல்வது இதை முன்னிட்டே.

நாசிக்கில் சோவிஞோன் பிளாங்கும் ஷெனின் பிளாங்கும் வேரூன்றியதும், ரீஸ்லிங் பெருமளவில் பரவாததும் மேற்கூறிய இயல்புகளை நோக்கினால் எளிதில் விளங்கும். வெப்பத்திலும் புளிப்பைக் காக்கும் ஷெனின் இந்நிலத்துக்கு இசைந்தது. சோவிஞோன் பிளாங் தக்க நாளில் பறித்தால் தன் மணத்தைத் தருகிறது. கர்நாடகத்தின் நந்தி மலையடிவாரத்திலும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து பிரெஞ்சு ரகங்கள் பயிராகி வருகின்றன. புனேயை அடுத்த மாஞ்சரியில் 1997-இல் தொடங்கப்பெற்ற தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் ரகங்கள், வேர்ச்செடிகள், நோய்த்தடுப்பு ஆகியவற்றில் ஆய்வு நடத்துகிறது.

மகாராஷ்டிர அரசு 2001-இல் திராட்சைப் பதனத் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தபின் நடவு விரைந்து பெருகியது. 2008-ஐ அடுத்த ஆண்டுகளில் விற்பனை சரிந்தபோது ஆலைகளின் கொள்முதலும் சரிந்தது. விவசாயிகள் பலர் ஒயின் ரகங்களை வெட்டியெறிந்து, உண்ணும் ரகங்களுக்குத் திரும்பினர். கொடியின் இயல்பை அறிவதோடு, கொள்முதல் ஒப்பந்தத்தின் வலிமையையும் நடவுக்கு முன்னரே அறிந்துகொள்ளல் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

மாறிவரும் வெப்பம்

பர்கண்டியின் போன் நகரில் 1354 முதல் 2018 வரை நடந்த திராட்சை அறுவடையின் நாள்களை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து 2019-இல் வெளியிட்டனர். 1988-க்குப் பின் அறுவடை, அதற்கு முந்திய காலத்தின் சராசரியைவிட ஏறத்தாழ 13 நாள் முந்தி வருகிறது என்பது அதன் முடிவு. முந்தி முதிரும் பழம் கோடையின் வெப்பத்திலேயே கனிகிறது. சர்க்கரை கூடிப் புளிப்பு குறைகிறது. குளிர்நாட்டு விவசாயி இன்று எதிர்கொள்ளும் இடர், வெப்பநாட்டு விவசாயி தொடக்கத்திலிருந்தே அறிந்ததாகும். ஆகவே புளிப்பை விடாத ரகங்களைத் தேடும் பணி இரு சாராருக்கும் பொதுவானதாகிவிட்டது.

களப் பணியாளர்கள் கவனிக்க வேண்டியவை

1. உண்ணும் திராட்சையின் பழக்கங்களை ஒயின் திராட்சைக்குப் பயன்படுத்தலாகாது. பழத்தைப் பெருக்க ஜிப்ரெலிக் அமிலம் தெளிப்பது, மிகுதியான கொத்துக்களை விட்டுவைப்பது, தாராளமாக நீர் பாய்ச்சுவது ஆகியவை எடையைக் கூட்டும்; சாற்றின் செறிவைக் குறைக்கும். சிறிய பழமே இங்கு விரும்பத்தக்கது.

2. அறுவடை நாளைப் பிரிக்ஸ் அளவால் மட்டும் முடிவு செய்தல் கூடாது. பிரிக்ஸ், மொத்தப் புளிப்பு, பி.எச். ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்குக. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை அளந்து எழுதிவந்தால் புளிப்பு இறங்கும் வேகம் தெரியும்.

3. மாதிரி எடுக்கும்போது ஓரத்து வரிசைகளை விடுக. தோட்டம் முழுவதிலிருந்தும், வரிசையின் இரு புறத்திலிருந்தும், கொத்தின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்தும் 100 பழங்களுக்குக் குறையாமல் எடுத்துச் சேர்த்துப் பிழிந்து அளக்குக. இனிப்பாகத் தோன்றும் பழங்களையே தேடிப் பறித்தால் அளவு பொய்க்கும்.

4. புதிய ரகத்தைப் பரிந்துரைக்குமுன் அவ்விடத்தின் அறுவடைக்கால இரவு வெப்பம், மழை வாய்ப்பு, மண்ணின் பொட்டாசியம், நீரின் உவர்ப்பு ஆகியவற்றை ஆராய்க.

பள்ளிகளில் செய்யத்தக்கவை

கறுப்புத் திராட்சையை உரித்துச் சதையை மட்டும் பிழிந்து, சாறு நிறமற்றிருப்பதை மாணவர்க்குக் காட்டலாம். தோலை வெந்நீரில் ஊறவைத்து வடித்த நீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் மற்றொன்றில் சமையல் சோடாவும் இட்டால், முன்னது செந்நிறமும் பின்னது நீலம் அல்லது பச்சை நிறமும் அடையும். ஆந்தோசயனின் அமில காரங்களைக் காட்டும் பொருள் என்பது இதனால் விளங்கும்.

உயர் வகுப்புகளில் புளிப்பை அளந்தும் காட்டலாம். 10 மில்லிலிட்டர் வெள்ளைத் திராட்சைச் சாற்றில் சில துளி பினாப்தலின் இட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசலைத் துளித்துளியாக விடுக. இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை செலவான கரைசலின் மில்லிலிட்டரை 0.75-ஆல் பெருக்கினால், லிட்டருக்கு எத்தனை கிராம் அமிலம் என்பது டார்டாரிக் அமிலக் கணக்கில் கிடைக்கும். 10 மில்லிலிட்டர் செலவானால் 7.5 கிராம் எனக் கொள்க. காயிலும் பழத்திலும் இதனை ஒப்பிட்டால் முதிர்ச்சியின் பொருள் மாணவர்க்கு நன்கு மனத்திற் பதியும். ஒயினில் படியும் டார்டாரிக் அமில உப்புகளை ஆராய்ந்தே லூயி பாஸ்டர் 1848-இல் வலம், இடம் என இருவகைப் படிகங்கள் உண்டெனக் கண்டார் என்பதையும் எடுத்துரைக்கலாம்.

இவை பழத்தைப் பற்றிய பாடங்களே. மதுபானங்கள் புற்றுநோய் விளைவிப்பவை என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-இல் வகைப்படுத்தியது. நம் அரசியலமைப்பின் 47-ஆம் விதி, மருத்துவத் தேவைக்கன்றி மதுவைப் பயன்படுத்துவதைத் தடுக்க அரசு முயலவேண்டும் என வழிகாட்டுகிறது. இவற்றையும் மாணவர்க்குச் சொல்வது ஆசிரியரின் கடமையாகும்.

திராட்சை விவசாயிக்கு வேண்டிய அறிவு இதனினும் நேரானது. ஒரு ரகத்தின் பெயர் எத்தனை நாடுகளில் போற்றப்பட்டாலும், அது தம் நிலத்து இரவின் குளிரையும் பகலின் வெப்பத்தையும் தாங்கிப் புளிப்பைக் காக்குமா என்பதே அவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. அக்கேள்விக்கு அளவைகளைக் கொண்டு விடை கூறுவது, கொடி நடப்படும் முன்னரே களப் பணியாளர் ஆற்றத்தக்க உதவியாகும்.